கிடங்கில் பிறந்த கீதம்

சிகாகோ என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது, 1893 ஆம் ஆண்டில் அங்குக் கூடிய சர்வசமயப் பேரவையும் அதில் விவேகானந்தர் நிகழ்த்திய சொற்பொழிவுமே ஆகும். அந்நகரில் எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு கூட்டம் கூடத் தொடங்கிற்று. தொழிற்கூடங்கள் நிறைந்த ஒரு வீதியில், 'வேர்ஹவுஸ்', அதாவது 'கிடங்கு', என்று பெயர் பெற்ற நடன விடுதி அது. அங்கே மேடையில் பாடகர் இல்லை, பக்கவாத்தியக்காரர் இல்லை. தட்டுச் சுழலிகள் இரண்டும், அவற்றின் பின்னே நின்ற மனிதர் ஒருவருமே இருந்தனர். அங்கிருந்து கிளம்பிய இசைக்கு 'ஹவுஸ்' என்று பெயர்.

நம் காலனியில் நடைபெறும் திருமண வரவேற்புகளில் இளைஞர்கள் ஆடும்போது, நெஞ்சக்கூட்டில் இடிப்பது போல் ஓயாது ஒலிக்கும் அந்தச் சீரான தாளத்தைக் கேளாதார் இல்லை. பெரியவர்கள் அதனை இரைச்சல் என்று ஒதுக்குவர். யான் அவ்விசையை நெடுங்காலமாக விரும்பிக் கேட்டு வருபவன். அதனை விரும்பாதாரும் அதன் வரலாற்றை அறிந்தால் சற்றே நின்று செவிசாய்ப்பர் என்னும் நம்பிக்கையால் இக்கட்டுரையை வரைகின்றேன்.

இருப்புப்பாதை கொணர்ந்த மக்கள்

இவ்விசையின் கதையைச் சிகாகோவின் ரயில் நிலையத்திலிருந்தே தொடங்குதல் பொருந்தும். 1910களில் தொடங்கி 1970 வரை, அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கும் மேற்கும் நோக்கிக் குடிபெயர்ந்தனர். பருத்திக் காட்டின் கூலியும், இனவெறிச் சட்டங்களின் கொடுமையும் அவர்களைத் துரத்தின. தொழிற்சாலைகளின் வேலை அவர்களை அழைத்தது. மிசிசிப்பி மாநிலத்து மக்களுக்கு 'இல்லினாய் சென்ட்ரல்' ரயில் பாதை சிகாகோவுக்கு நேர்வழியாயிற்று. 'சிகாகோ டிஃபண்டர்' என்னும் கறுப்பினப் பத்திரிகையை ரயில் பணியாளர்களே தெற்கே கொண்டு சென்று பரப்பினர். 1910 இல் 44 ஆயிரமாயிருந்த சிகாகோவின் கறுப்பின மக்கள் தொகை 1970 இல் 11 லட்சமாக உயர்ந்தது.

ஊரை விட்டு வந்தவர்கள் பெட்டியில் அதிகம் கொண்டு வரவில்லை. பாட்டைக் கொண்டு வந்தனர். 1943 இல் வந்திறங்கிய மடி வாட்டர்ஸ் முதலியோர் கிராமத்து 'புளூஸ்' பாட்டை மின்கிதாரில் முழங்கச் செய்தனர். தேவாலயங்களில் கைதட்டிப் பாடும் 'காஸ்பல்' இசை செழித்தது. இம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே பின்னாளில் ஹவுஸ் இசையை உருவாக்கினர். தேவாலயத்தின் பியானோவும் கைதட்டலும் இன்றளவும் அவ்விசையில் கேட்பதற்குக் காரணம் இதுவே.

நியூயார்க்கில் பயின்ற கலை

தட்டுகளை இசைப்பதையே ஒரு கலையாக வளர்த்த பெருமை நியூயார்க் நகரைச் சாரும். டேவிட் மன்குசோ என்பவர், பிள்ளைப் பருவத்தில் சில ஆண்டுகள் அனாதை விடுதியில் வளர்ந்தவர். அவர் 1970 பிப்ரவரி 14 அன்று தாம் குடியிருந்த மாடியிலேயே நண்பர்களை அழைத்து விருந்து நடத்தினார். 'லாஃப்ட்' எனப்பட்ட அவ்விருந்தில் மது விற்பனை இல்லை. அழைப்பு உடையோர்க்கே அனுமதி. கறுப்பர், வெள்ளையர், ஸ்பானிய மொழியினர், தன்பால் ஈர்ப்புடையோர் என்னும் வேற்றுமையின்றி அனைவரும் ஆடினர். பின்வந்த நடன விடுதிகள் பலவற்றிற்கும் இதுவே முன்மாதிரி.

அதே காலத்தில் பிரான்சிஸ் கிராசோ என்பவர், ஒரு தட்டு முடியுமுன்பே அடுத்த தட்டின் தாளத்தை அதனோடு பொருத்திச் சேர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். சுழலும் வட்டின் மேல் வழுக்கும் துணி ஒன்றை இட்டு, அதன் மேல் இசைத்தட்டை விரலால் பிடித்து நிறுத்தி, சரியான கணத்தில் விடுவர். நம் துறையில் உள்ளோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம்: வண்டி ஒரு தடத்திலிருந்து மறுதடத்திற்கு மாறியதைப் பயணி உணராதிருத்தல் வேண்டும். 1972 இல் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் வெளியிட்ட 'டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200' என்னும் சுழலி இக்கலைக்கு ஏற்ற கருவியாயிற்று. வாரின்றி, மோட்டாரே வட்டை நேராகச் சுழற்றுவதால் அதன் வேகம் தளர்வதில்லை. 1976 இல் 'சால்சோல்' நிறுவனம் 12 அங்குலத் தட்டில் 'டென் பர்சன்ட்' என்னும் பாட்டைக் கடைகளுக்கு அனுப்பியது. வால்டர் கிப்பன்ஸ் என்னும் தட்டிசைப்பவர் அதனை ஒன்பது நிமிடத்திற்கும் மேலாக நீட்டி அமைத்திருந்தார். பாட்டைப் பாடியவரன்றி, ஆட்டக்களத்தை அறிந்தவர் அதன் வடிவத்தை முடிவு செய்தது புதுமை அன்றோ!

இச்சூழலில் தொழில் பழகிய தோழர் இருவர் லாரி லெவனும் பிராங்கி நக்கிள்சும் ஆவர். இருவரும் 1977 இல் தனித்தனி வழி சென்றனர். லெவன், நியூயார்க்கில் வண்டிகள் நிறுத்தும் கொட்டகையாயிருந்த 'பாரடைஸ் கராஜ்' என்னும் விடுதியில் பத்தாண்டுக் காலம் கோலோச்சினார். சிகாகோ விடுதிக்கு முதலில் அழைக்கப்பட்டவரும் அவரே. அவர் மறுக்கவே, அவ்வாய்ப்பு 22 வயது நிரம்பிய நக்கிள்சுக்குக் கிட்டிற்று.

கிடங்கின் இரவுகள்

தெற்கு ஜெஃபர்சன் வீதி 206 ஆம் எண்ணுள்ள மூன்று மாடிக் கட்டடத்தில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் வேர்ஹவுஸ் விடுதியை நடத்தினார். அக்காலச் சிகாகோவில், பல அடையாளச் சீட்டுகளைக் கேட்டுக் கறுப்பின இளைஞரை வாயிலிலேயே திருப்பியனுப்பிய விடுதிகள் இருந்தன. தன்பால் ஈர்ப்புடைய கறுப்பின இளைஞர்க்கோ வீட்டிலும் இடமில்லை, வெளியிலும் இடமில்லை. அவர்களுக்கே இக்கிடங்கின் கதவு முதலில் திறந்தது. மதுக்கடை இல்லை, பழச்சாறு உண்டு. சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஆட்டம் ஞாயிறு நண்பகல் வரை நீளும். அதனைத் தம் தேவாலயம் என்றே பலர் கூறினர்.

நக்கிள்ஸ் தட்டை மாற்றுபவராக மட்டும் இருந்தாரில்லை. ஒலிப்பதிவு பயின்ற நண்பர் ஒருவரின் துணையோடு ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, ஆட்டம் சூடேறும் பகுதியை நீட்டினார். தாளத்திற்கு அழுத்தம் கூட்டினார். சில இரவுகளில் விளக்குகள் யாவற்றையும் அணைத்துவிட்டு, விரைந்து செல்லும் ரயில் வண்டியின் ஓசையைப் பெருக்கிகள் வழியே ஓடவிடுவார். இருளில் வண்டி தம்மைக் கடந்து செல்வது போலவே ஆடுவோர் உணர்ந்தனர். தாத்தனையும் பாட்டியையும் அந்நகருக்குக் கொணர்ந்த அதே ஓசை பேரப்பிள்ளைகளின் ஆட்டத்திலும் ஒலித்தது என்பதை எண்ணுந்தோறும், இருப்புப்பாதையால் பிழைக்கும் எனக்கு உள்ளம் சிலிர்க்கின்றது.

நகரின் இசைத்தட்டுக் கடை ஒன்றில் 'வேர்ஹவுஸில் கேட்டவை' என்று எழுதி வைத்தனர் என்றும், அச்சொல்லே சுருங்கி 'ஹவுஸ்' ஆயிற்று என்றும் கூறுவர். ஆங்கிலத்தில் ஹவுஸ் என்றால் மனை. நம் தமிழில் வீடு என்னும் சொல்லுக்கு மனை என்பதோடு விடுதலை என்றும் பொருள் உண்டு. கிடங்கில் கூடியவர்க்கு அவ்விரு பொருளும் ஒருங்கே வாய்த்தன.

எரிந்த தட்டுகளும் எழுந்த இளைஞர்களும்

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. டிஸ்கோ இசையை வெறுத்த வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் ஏற்பாட்டின்படி, ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டு வருவோர்க்கு 98 சென்ட்டில் அனுமதி அளிக்கப்பட்டது. சேர்ந்த தட்டுகளை ஆட்டங்களின் இடைவேளையில் வெடி வைத்துத் தகர்த்தனர். கூட்டம் களத்தில் பாய்ந்தது. அடுத்த ஆட்டமே கைவிடப்பட்டது. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையிலிருந்த வின்ஸ் லாரன்ஸ் என்னும் கறுப்பினச் சிறுவர், மக்கள் கொண்டு வந்தவற்றில் டிஸ்கோ அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்ததைக் கண்டதாகப் பின்னர்க் கூறினார். எரிந்தது ஓர் இசை வகை மட்டுமன்று என்பது அவருக்கு அன்றே புலனாயிற்று.

அவர் அவ்வேலையில் சேர்ந்ததே சிந்தசைசர் வாங்கப் பணம் சேர்க்கத்தான். ஐந்தாண்டு கழிந்தது. ஜெசி சாண்டர்ஸ் என்பவரிடமிருந்த அரிய தட்டுகள் களவு போயின. போனதற்கு ஈடாகத் தாமே ஒன்றைச் செய்யத் துணிந்தார். லாரன்சும் அவரும் சேர்ந்து 1984 இல் வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்' என்பதையே முதல் ஹவுஸ் தட்டு எனப் பலரும் குறிப்பர்.

இவர்களுக்குக் கைகொடுத்தவை ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்து இயந்திரங்கள். 1980 இல் வந்த 'டி.ஆர்.808' தாளக்கருவியும், தனியே கிதார் பழகுவோர்க்குக் கீழ்ச்சுரம் இசைத்துத் துணைபுரியவென்று செய்த 'டி.பி.303' பெட்டியும் உண்மையான வாத்தியம் போல் ஒலிக்கவில்லை. ஆகவே விற்பனை சரிந்து, உற்பத்தி நின்று, பழைய பொருள்களாகக் கடைகளில் மலிந்தன. ஏழை இளைஞர்கள் அவற்றை வாங்கினர். 'பியூச்சர்' என்னும் மூவர் குழு அந்த 303 பெட்டியின் திருகுகளை மனம்போன போக்கில் திருகவே, அது முனகியது, குழைந்தது, அலறியது. 'மியூசிக் பாக்ஸ்' விடுதியின் ரான் ஹார்டி அப்பதிவை ஒரே இரவில் மீண்டும் மீண்டும் இசைத்தார். முதலில் களத்தை விட்டு அகன்றவர்கள் இறுதியில் வெறிகொண்டு ஆடினர். 1987 இல் வெளிவந்த 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் தட்டு அதுவே.

மார்ஷல் ஜெஃபர்சன் என்பவரைத் தனியே குறிப்பிடாமல் மேற்செல்ல என் மனம் ஒப்பவில்லை. அவர் சிகாகோ அஞ்சலகத்தில் இரவுப் பணியாளர். வாசிக்கத் தெரியாமலே கருவிகளைக் கடனில் வாங்கி, நண்பர்களின் நகைப்புக்கு ஆளானார். 1986 இல் வந்த அவருடைய 'மூவ் யுவர் பாடி' பாட்டில், பியானோவை மெல்ல மெல்ல வாசித்துப் பதிந்து, பின்னர் வேகத்தைக் கூட்டிக் கொண்டார். பாடியவரும் அஞ்சலகத் தோழரே. அப்பாட்டு ஹவுஸ் இசையின் கீதமாகவே போற்றப்படுகின்றது. இரவுப் பணியின் களைப்பை அறிந்தவர் அதனைக் கேட்டால், பணி முடிந்து வெளிவரும் விடியற்காலையின் உற்சாகத்தை அதில் காண்பர்.

பம்பாயில் ஒரு தட்டு

இவ்விடத்தில் நம் நாட்டுச் செய்தி ஒன்று. பம்பாயில் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் பணியாற்றிய சரண்ஜித் சிங் என்பவர், 1982 இல் அதே 808, 303 கருவிகளைக் கொண்டு, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை இசைத்தார். நம் மோகனத்தை ஒத்த பூபாளியும், இந்தோளத்தை ஒத்த மால்கௌன்சும், கல்யாணியை ஒத்த யமனும் அவற்றுள் அடங்கும். சிகாகோவை அவர் அறியார். சிகாகோவும் அவரை அறியாது. அன்று அத்தட்டை வாங்குவார் அரிது. 2010 இல் அது மறுபதிப்பானபோது, 'ஆசிட் டிராக்ஸ்' போலவே ஒலிக்கும் ஒன்று ஐந்தாண்டு முன்னதாகவே இந்தியாவில் உருவாகியிருந்ததைக் கண்டு மேல்நாட்டு ரசிகர்கள் வியந்தனர். முதுமையில் அவர் மேல்நாட்டு மேடைகளில் வாசித்துப் புகழ் பெற்று, 2015 இல் மறைந்தார்.

புகழும் பொருளும்

1987 ஜனவரியில் ஸ்டீவ் ஹர்லியின் 'ஜாக் யுவர் பாடி' பிரிட்டனில் விற்பனையின் முதலிடத்தைப் பிடித்தது. மறு ஆண்டில் லண்டனும் மான்செஸ்டரும் இவ்விசையால் மூழ்கின. வயல்வெளிகளிலும் வெற்றுக் கிடங்குகளிலும் ஆயிரக்கணக்கானோர் கூடி ஆடினர். 1994 இல் இயற்றிய சட்டத்தில், 'மீண்டும் மீண்டும் வரும் தாளம்' என்பதையே வரையறைக்குள் கொண்டு வந்து, அத்தகைய கூட்டங்களைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் அளித்தது பிரிட்டிஷ் பாராளுமன்றம்.

புகழ் கடல் கடந்தது. பொருள் திரும்பி வரவில்லை. சிகாகோவின் இளைஞர் பலர், சட்டமறியாப் பருவத்தில், கையில் கிடைத்த சிறு தொகைக்காகத் தம் உரிமைகளை எழுதிக் கொடுத்துவிட்டனர். உலகெங்கும் அவர்கள் பாட்டு ஒலித்தது. உரிமைத் தொகை ஒலிக்கவில்லை. வழக்குகள் பல்லாண்டுகள் கழித்தே மன்றம் ஏறின. எய்ட்ஸ் நோயும் அத்தலைமுறையின் ஆட்டக்காரர் பலரைக் கொண்டு போயிற்று. லெவனும் ஹார்டியும் 1992 ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். இருவருக்கும் நாற்பது வயது நிரம்பவில்லை.

எஞ்சி நிற்பவை

நக்கிள்சுக்குக் காலம் சற்றே கருணை காட்டிற்று. பழைய பாட்டுகளைப் புதுவடிவில் அமைப்போர்க்கென கிராமி விருது 1998 இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்றவர் அவரே. 2004 இல், கிடங்கு நின்ற வீதிப்பகுதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அப்போது இல்லினாய் மாநிலச் சட்டமன்ற மேலவையில் இருந்த பராக் ஒபாமாவும் அதற்குத் துணை நின்றார். 2014 மார்ச் 31 அன்று நக்கிள்ஸ் இயற்கை எய்தினார். அவர் சேர்த்து வைத்த தட்டுகள், சிகாகோவின் தென்பகுதியில் பாழடைந்து கிடந்து புதுப்பிக்கப்பட்ட ஒரு வங்கிக் கட்டடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 'பாரடைஸ் கராஜ்' கட்டடமோ 2018 இல் இடிக்கப்பட்டது. வேர்ஹவுஸ் கட்டடமும் அவ்வழியே போய்விடுமோ என்று அஞ்சிய அன்பர்கள் குரல் எழுப்பினர். 2023 இல் சிகாகோ நகராட்சி அதனை நினைவுச் சின்னமாக அறிவித்துக் காத்தது.

மன்னர் எவரும் அக்கட்டடத்தை எழுப்பவில்லை. செல்வர் எவரும் அறக்கட்டளை வைக்கவில்லை. வேறிடத்தில் கதவடைக்கப்பட்டவர்கள் வாரந்தோறும் அங்கே கூடினர். ஒருவர் விடிய விடிய நின்று அவர்களை ஆட வைத்தார். அவ்வளவே அதன் பெருமை. பிழைப்புக்காகப் பிற மாநிலம் வந்து, முதலில் ஒருவர் வீட்டுக் கூடத்திலும் பின்னர் வாடகை மண்டபத்திலும் கூடிச் சங்கம் வளர்ப்பவர்க்கு, அப்பெருமை எத்தகையதென்று எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

ஆகவே, அடுத்த விழாவில் நம் பிள்ளைகள் அத்தாளத்திற்கு ஆடும்போது, ஒலியைச் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள், தவறில்லை. நிறுத்தச் சொல்லாதீர்கள். அது, வீடு தேடி வந்தோர் தமக்கெனக் கட்டிய வீட்டின் ஓசை.