பிழை பெற்றரியிலதானா?

சுபஹ் தொழுகை முடிந்து கல்முனையின் உள்வீதி ஒன்றில் நடந்தால் அந்தச் சத்தம் எங்காவது கேட்கும். சாவியைத் திருப்பினதும் எஞ்சின் கலகலவென்று சுற்றாது. "உர்ர்... உர்ர்... உர்" என்று, பாரம் ஏற்றின மாட்டு வண்டில் மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றும். பக்கத்து வீட்டுக்காரர் எழும்பி வராமலே தீர்ப்புச் சொல்வார்: "பெற்றரி போயிட்டு, மாத்துங்க."

எங்களில் ஒருவருடைய வாப்பா இந்தத் தீர்ப்பை நம்பி இரண்டு வருசத்தில் இரண்டு பெற்றரி மாற்றினார். கார் அப்படியேதான் இழுத்தது. கடைசியில் மருதமுனைப் பக்கம் எழுபது தாண்டிய ஒரு பாஸிடம் கொண்டுபோனோம். அவர் மீட்டர் எடுக்கவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் அடிக்கச் சொன்னார். எஞ்சின் முனகியது, ஆனால் வெளிச்சம் பெரிதாகக் குறையவில்லை. குனிந்து, எஞ்சினையும் பொடியையும் சேர்க்கிற ஒரு முழம்கூட வராத எர்த் பட்டியைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. அவ்வளவுதான், பிழை அங்கே.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க பாஸ்?"

"மாத்துறதுக்குச் சாமான் இல்லாத காலத்துல படிச்சது மகன்."

அந்தக் காலத்தைத்தான் தேடிப் பார்த்தோம்.

காரைக் கரண்டால் எழுப்புவது என்பதே நூறு வருசத்துக்குக் கொஞ்சம் கூடின பழக்கம். அதற்கு முதல் காருக்கு முன்னால் நின்று ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேணும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறியும். (பழைய ஆக்கள் ஹேண்டில் பிடிக்கும்போது பெருவிரலையும் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைப்பது அதனால்தான்.) அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் செய்த ஸ்டார்ட்டர் 1912 இல் கெடிலாக் கார்களில் வந்தது. அவர் முன்பு வேலை செய்தது கடைகளில் காசு போடும் மெஷின் செய்கிற கொம்பனியில். லாச்சியைத் திறக்கிற மோட்டார் ஒரு நொடிதான் வேலை செய்யும், அந்த நொடிக்கு அளவுக்கு மீறிய பாரத்தைத் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். ஸ்டார்ட்டரும் அதே கணக்குத்தான். ஆனால் அந்தச் சில நொடியில் அது நூறு, இருநூறு அம்பியர் குடிக்கும்.

எங்கட வாப்பாமார் தவறவிட்டது இந்த இடத்தைத்தான். ஒரு டெர்மினலில் பச்சை பூத்து, ஓமில் நூறில் ஒரு பங்கு தடை வந்தாலே போதும். 200 அம்பியர் ஓடும்போது இரண்டு வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். ஹெட்லைட்டும் ஹோர்னும் குறைந்த கரண்டில் வேலை செய்வதால் அவற்றில் அது தெரியவே தெரியாது. ஸ்டார்ட்டருக்கு மட்டும் தெரியும். புதுப் பெற்றரி போட்டால் நாலு நாளைக்கு நல்லா இருக்கிற மாதிரி இருக்கும், பிறகு பழைய பாட்டு.

இலங்கையில் வெளிநாட்டுச் செலாவணி தட்டுப்பட்டு, 1960களின் தொடக்கத்திலேயே கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறக்கும்வரை ஓடினதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முதல் வந்த மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும்தான். ஸ்டார்ட்டரின் புஷ் தேய்ந்தால் உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சர் ஒரு பக்கம் சாய்ந்து உரசும், கரண்டை அள்ளிக் குடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றும். கடையில் புது ஸ்டார்ட்டர் இல்லை. ஆகவே கழற்றி, லேத்தில் புஷ் கடைந்து போட்டார்கள். எது பிழை என்று நிச்சயமாகத் தெரியாமல் எதையும் கழற்ற முடியாது. கழற்றினால் மாற்ற வேறொன்று கிடையாது. இந்தக் கைப்பழக்கம் பிறகு ஒரு தொழிலாகவும் ஆனது. 1990களில் மைனரின் பாகங்களை இலங்கையிலேயே செய்து, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்.

மைனரில் இன்னொரு விசயம்: பொடிக்குப் போவது பொசிட்டிவ் வயர். இது தெரியாத இளசுகள் பெற்றரியைத் திருப்பி மாட்டிவிட்டு பாஸிடம் ஏச்சு வாங்குவது இன்றைக்கும் நடக்கிறது.

1977 க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்தன, ஹேண்டில் போனது. ஒட்டோ கியர் வந்தபின் தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற வழியும் போனது. சாமான் தாராளமாகக் கிடைத்ததால் தேடிப் பார்ப்பதை விட மாற்றுவது லேசானது. ஆனால் கடல் மாறவில்லை. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று இந்த ஊர்களெல்லாம் கடலோடு ஒட்டிக் கிடக்கின்றன. உப்புக் காத்து டெர்மினலைத் தின்னும். 2004 டிசம்பர் 26 இல் கடலே ஊருக்குள் வந்தது. உயிர்களுக்கு முன்னால் வாகனக் கதை ஒன்றுமில்லை. ஆனாலும் உப்புத்தண்ணி வயரின் றப்பருக்கு உள்ளே ஏறிவிட்டால் வெளியே பார்க்கப் புதுசாகவே இருக்கும், உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகிவிடும்.

2020 மார்ச்சில் இறக்குமதி திரும்பவும் பூட்டப்பட்டது. தனியார் கார்களுக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவே 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்தில் 360 வரை போனது. பெற்றோல் கியூவிலும் வீட்டு முற்றத்திலும் நின்றுபோன கார்களின் பெற்றரி செத்தது. ஆக்கள் திரும்பவும் வயசான பாஸ்மாரைத் தேடிப் போனார்கள்.

அவரிடம் நாங்கள் படித்ததை எழுதி வைக்கிறோம். ராத்திரி முழுக்க நின்ற காரின் பெற்றரி காலையில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் அரைவாசி. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6 க்குக் கீழே விழுந்தால் பெற்றரியையும் ஸ்டார்ட்டரையும் சந்தேகப்படலாம். விழாமல் இருந்தும் இழுத்தால் வயரையும் எர்த்தையும் பாருங்க. மீட்டரின் ஒரு முனையைப் பெற்றரியின் நெகட்டிவ் தலையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் அடித்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் பிழை. மீட்டர் இல்லையென்றால் ஒரு ஜம்பர் வயரை நெகட்டிவிலிருந்து நேரே எஞ்சினுக்குக் கொடுத்துப் பாருங்க. சத்தமே மாறிவிடும். புகையை மறைக்க ஊற்றின தடித்த ஒயிலும் எஞ்சினை இழுக்க வைக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

அந்தப் பட்டியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிறீஸ் பூசிப் பூட்ட பாஸ் எடுத்தது இருபது நிமிசம். வாங்கின காசு ஒரு பெற்றரியின் வரிக்கும் காணாது. வாப்பா வீணாக மாற்றின பெற்றரிகளில் ஒன்று இப்போதும் மாளிகைக்காட்டில் ஒரு தோணியில் லைட் எரிக்கிறது.