இரு கைகளும் ஒரு நரம்பும்

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்குச் செல்லும் பேருந்தில் மாணவர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினார். மேசை போலக் கிடத்தப்பட்டிருந்த ஒரு கருவியின் மேல் இரு கைவிரல்களையும் ஓட்டி, ஆர்மோனியத்தில் விரலோட்டுவது போல் வாசித்துக்கொண்டிருந்தார் ஏ.ஆர். ரஹ்மான். ஆனால் அதில் கட்டைகள் இல்லை, நரம்புகளே இருந்தன. அவற்றை அவர் மீட்டவும் இல்லை. "ஐயா, இதை நரம்புக் கருவி என்பதா, கட்டைக் கருவி என்பதா?" என்றார் மாணவர்.

அக்கருவியின் பெயர் ஹார்பெஜ்ஜி. டிம் மீக்ஸ் என்ற அமெரிக்கர் 2007-இல் உருவாக்கியது. அதன் பின்னால் உள்ள வாசிப்பு முறை அதைவிட மூத்தது. வீணையில் இடக்கை சுரத்தின் இடத்தைத் தேர்கிறது. வலக்கை ஒலியை எழுப்புகிறது. இரண்டும் கூடினால்தான் ஒரு சுரம். தட்டி வாசிக்கும் முறையிலோ ஒரே விரல் இரு வேலையையும் செய்துவிடுகிறது. நரம்பை மெட்டின் மேல் விசையோடு தட்டினால் அந்தத் தட்டே அதிர்வை எழுப்புகிறது. அதிரும் நீளத்தையும் அதுவே அறுதியிடுகிறது. ஆகவே மற்றக் கை விடுதலை பெற்று வேறொரு சுர வரிசையைத் தனியே வாசிக்கலாம்.

இதில் ஒரு தடை உண்டு. தட்டினால் எழும் ஒலி மீட்டினால் எழுவதைவிட மெலிந்தது. எனவே மின்கருவியின் துணையோடுதான் இம்முறை வளர்ந்தது. ஜிம்மி வெப்ஸ்டர் என்ற கிதார்க் கலைஞர் 1952-இல் இதற்கொரு பயிற்சி நூலே வெளியிட்டார். 1969 ஆகஸ்டில் எம்மெட் சாப்மன் கிதாரின் கழுத்தை ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்த்தி, இரு கைகளும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து நரம்புகளுக்குக் குறுக்கே வருமாறு வைத்துக்கொண்டார். இரு கைக்கும் சம வசதி கிடைத்தது. பத்து நரம்புகள் கொண்ட 'சாப்மன் ஸ்டிக்' 1974-இல் விற்பனைக்கு வந்தது. கருவியைச் செய்ததோடு அவர் நிற்கவில்லை. 1976-இல் அதைக் கற்பிக்கும் நூலையும் எழுதினார். கிங் கிரிம்சன் குழுவின் 1981-ஆம் ஆண்டு இசைத்தட்டில் டோனி லெவின் அதை வாசிக்க, கருவியை நேரில் காணாதவர்களும் அதன் ஒலியைக் கேட்டார்கள். சாப்மன் 2021-இல் மறைந்தார். நூலும் இசைத்தட்டும் மாணவர்களும் இருந்ததால் அவருடைய வித்தை அவரோடு போய்விடவில்லை.

இந்த இடத்தில்தான் தமிழ் படித்தவன் மனம் யாழின் பக்கம் திரும்புகிறது. யாழ் தட்டி இசைக்கும் கருவி அன்று. அதற்கு மெட்டுக்களும் கிடையா. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பதே அதன் அமைப்பு. ஆயினும் இரு கைகளின் தொழிலையும் இத்தனை நுட்பமாகப் பெயரிட்டு வைத்த மரபு நம்முடையது. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் மாதவி யாழை ஏந்தும்போது வலக்கை எந்த அமைதியில் கோட்டோடு சேர்கிறது, இடக்கையின் நான்கு விரல்கள் எவ்வாறு மாடகத்தைத் தழுவுகின்றன என்பதுவரை இளங்கோ சொல்லிவிடுகிறார். கானல்வரி இசைக்கரணங்கள் எட்டினைக் கூறுகிறது: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. இவற்றுள் உருட்டலை மட்டும் பாருங்கள். இடக்கைச் சுட்டுவிரல் தனித்து உருட்டுவது, வலக்கைச் சுட்டுவிரல் தனித்து உருட்டுவது, சுட்டுவிரலோடு பெருவிரலைக் கூட்டுவது, இரு பெருவிரலும் இயைந்து உருட்டுவது என்று உரை அதை வகுக்கிறது. கைகளைக் கூர்ந்து பார்த்த ஒருவர்தான் இப்படி எழுதியிருக்க முடியும்.

ஆனால் ஒலி? கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் உரை நமக்குக் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது அப்பகுதிக்குக் கிடைத்தது சுருக்கமான அரும்பதவுரைதான். கணிதமும் அறிவியலும் பயின்ற விபுலாநந்த அடிகள் பல்லாண்டுகள் உழைத்து, யாழின் வடிவத்தையும் சுர அளவுகளையும் கணக்கிட்டு எழுதிய 'யாழ்நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அத்தனை பெரிய அறிவும் சொற்களின் வழியாகவே கருவியை நெருங்க வேண்டியிருந்தது. வடித்தல் எது என்று விரலால் செய்து காட்ட ஓர் ஆசிரியர் அவருக்கு இல்லை. மாறாக, 1938-இல் மறைந்த வீணை தனம்மாளின் வாசிப்பை, இசைத்தட்டின் சில நிமிட எல்லைக்குள் என்றாலும், நாம் இன்றும் கேட்கலாம். யாழுக்குச் சொல் எஞ்சியது. தனம்மாளுக்கு ஒலி எஞ்சியது.

இரண்டையும் ஒருங்கே காக்கும் வாய்ப்பு நமக்கு இன்னும் உள்ள கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் கெத்து. இன்றைய இளைஞர் வழக்கில் கெத்து என்றால் மிடுக்கு. அப்பெயரில் ஒரு வாத்தியம் உண்டென்று வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். தம்புராவை ஒத்த உடல், அதன் நரம்புகளைத் தட்ட இரு கைகளிலும் மெல்லிய மூங்கில் குச்சிகள். சுரத்துக்காக அன்று, தாளத்துக்காகவே அதன் நரம்புகள் ஒலிக்கின்றன. மிருதங்கம் செய்யும் வேலையை நரம்பு செய்கிறது. மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோயிலோடு இணைத்தே அக்கருவி பேசப்படுகிறது. ஓர் ஊரோடு மட்டும் பிணைந்த கலை எத்தனை எளிதில் அறுந்துபோகும் என்பதை யாழ் நமக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

பதிவு என்றவுடன் கச்சேரியை ஒலிநாடாவில் பிடிப்பதையே நாம் நினைக்கிறோம். அது போதாது. குச்சியைப் பிடிக்கும் விதம், ஒவ்வொரு தட்டுக்கும் வாசிப்பவர் வாயில் வழங்கும் சொல், நரம்பை அடக்கும் கணம், தவறாக வாசித்துத் திருத்திக்கொள்ளும் பாடம் ஆகிய அனைத்தும் பதிவாக வேண்டும். கையை அருகில் நின்று காட்டும் படமும், அதை விளக்கும் சொல்லும், கற்றுக்கொள்ள ஒரு மாணவரும் சேர்ந்தால்தான் அது முழுமை. உரையாசிரியர் தம் காலத்தில் ஏட்டைக் கொண்டு இயன்றதைச் செய்தார். நம் சட்டைப்பையில் இருக்கும் கருவியோ ஒலியையும் கையையும் ஒருசேரப் பிடிக்க வல்லது.

மாணவரின் கேள்விக்கு, நரம்புக் கருவிதான் என்று விடை சொன்னேன். கெத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் உடனே தம் கைபேசியில் அச்சொல்லைத் தேடினார். வரிசையாக வந்தவை திரைப்பாடல்கள். பழனி வந்துவிட்டது. இறங்கும்போது, "ஆவுடையார்கோயிலுக்கு இங்கிருந்து எப்படிப் போவது, ஐயா?" என்று கேட்டார்.