இணைக் காட்சி (திரைப்படம்)

திரைப்படக்கலையில் இணைக் காட்சி என்பது, கதையின் முற்பகுதியில் இடம்பெற்ற ஒரு காட்சியின் இடம், செயல், உரையாடல் அல்லது சட்டக அமைப்பைப் பிற்பகுதியில் மீண்டும் கொணரும் காட்சி ஆகும். சூழல் ஒத்திருக்க, கதைமாந்தரின் நடத்தை மட்டும் வேறுபடுவதால், அவர் அடைந்த மாற்றத்தைப் பார்வையாளர் வசனத்தின் துணையின்றியே உணர்கின்றனர். ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் நிகழ்வனவற்றை மாறிமாறிக் காட்டும் இணைப் படத்தொகுப்பு இதனின்றும் வேறானது. பெயர் ஒற்றுமையால் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் உளர்.

த சேர்ச்சர்ஸ் (1956)

ஜான் ஃபோர்ட் இயக்கிய இவ்வமெரிக்கத் திரைப்படம் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். உள்நாட்டுப் போர் முடிந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1868 இல், ஈத்தன் எட்வர்ட்ஸ் (ஜான் வெய்ன்) டெக்சாசிலுள்ள தன் சகோதரன் வீட்டுக்குத் திரும்புகிறான். சிறுமி டெபியை இரு கைகளாலும் தலைக்கு மேலே தூக்குகிறான். பின்னர் கொமாஞ்சி இனத்தவர் அக்குடும்பத்தைத் தாக்கி அவளைக் கவர்ந்து செல்கின்றனர். பல ஆண்டுகள் நீளும் தேடலில் ஈத்தனின் நோக்கம் திரிகிறது. கொமாஞ்சியருள் ஒருத்தியாகிவிட்ட டெபியை மீட்பதைவிடக் கொல்வதே மேல் என எண்ணுமளவுக்கு அவனது இனவெறுப்பு முற்றுகிறது. ஒருமுறை துப்பாக்கியையும் நீட்டுகிறான்.

இறுதியில் அஞ்சி ஓடும் டெபியைத் துரத்திப் பிடிக்கும் ஈத்தன், முன்பு தூக்கியது போலவே அவளை உயரத் தூக்கி, பின் மார்போடு அணைத்துக்கொள்கிறான். அவன் மனம் மாறியதற்கான காரணத்தைப் படம் எங்கும் சொல்வதில்லை. பழைய அசைவு திரும்ப வருவதே விளக்கமாகிறது. அவ்விளக்கம் போதாது என்போரும் உண்டு. ஆயினும் ஒரு நீண்ட வசனம் இதைவிட நம்பத்தக்கதாக இருந்திருக்காது.

இப்படத்தில் மற்றோர் இணையும் உண்டு. தொடக்கத்தில் இருண்ட வீட்டினுள்ளிருந்து திறக்கும் கதவின் வழியே ஈத்தன் வருவது தெரிகிறது. முடிவில், வேறொரு வீட்டினுள் அனைவரும் நுழைய, அவன் மட்டும் வெளியே நிற்க, கதவு மூடிக்கொள்கிறது. முதல் இணை அவனது மாற்றத்தைக் காட்டுகையில், இரண்டாவது அதன் எல்லையைக் காட்டுகிறது.

அப்பு முப்படங்கள்

சத்யஜித் ராயின் மூன்று வங்காளப் படங்களில் தொடர்வண்டி இப்பணியைச் செய்கிறது. பதேர் பாஞ்சாலியில் (1955) அப்புவும் அக்காள் துர்காவும் நாணற்பூக்களிடையே ஓடிச் சென்று காணும் வியப்பு அது. (இக்காட்சியின் படப்பிடிப்பு முடியுமுன் கால்நடைகள் பூக்களை மேய்ந்துவிட்டதால், ராய் அடுத்த பூக்கும் பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது.) அபராஜிதோவில் (1956) கல்கத்தாவில் பயிலும் மகனுக்காகக் காத்திருக்கும் தாய் சர்வஜயா, தொலைவில் செல்லும் வண்டியைப் பார்க்கிறாள். அபுர் சன்சாரில் (1959) மனைவியை இழந்த அப்பு, உயிரை மாய்த்துக்கொள்ளத் தண்டவாளத்தருகே நிற்கிறான்.

தமிழில்

மணிரத்னத்தின் நாயகனில் (1987) தந்தையைச் சுட்ட காவலரைச் சிறுவன் வேலு கொல்கிறான். படத்தின் இறுதியில், வேலுவால் கொல்லப்பட்ட காவல் அதிகாரி கேல்கரின் மகன் வேலுவைச் சுடுகிறான். இங்கு செயல் அதுவே. வேலு நிற்கும் இடம் மட்டும் எதிர்ப்பக்கமாகிவிட்டது.