தினக்கூலியும் மாதச் சம்பளமும்: சிங்கப்பூர் அரசுப்பணிச் சட்டங்களின் ஒரு பக்கம்

தமிழில் ‘கூலி’ என்பது உழைப்பவர் பெறும் ஊதியம். குடியேற்ற ஆட்சியின் ஏடுகளிலோ ‘கூலி’ என்பது அந்த ஊதியத்தைப் பெறும் மனிதரே. 1864-இல் தொடங்கப்பட்ட தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனத்தை 1905-இல் அரசு கையகப்படுத்தியது. 1913-இல் அது சிங்கப்பூர்த் துறைமுக வாரியத்தின் கைக்கு மாறியது. முதலாளி மாறியபின்னும் சொல் மாறவில்லை.

மேல்தட்டுப் பதவிகளின் வரலாறு பாடநூல்களில் உள்ளது. அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. பொதுச் சேவை ஆணையம் 1951-இல் அமைந்தது. மருத்துவர் பி. ஆர். ஸ்ரீனிவாசன் தலைமையிலான மலாயாமயமாக்கல் ஆணையம் 1956-இல் அறிக்கை அளித்தது. ஆங்கிலேயர் அமர்ந்த நாற்காலிகளில் உள்ளூர்ப் பட்டதாரிகள் அமர வழி பிறந்தது. ஆயினும் துடைப்பம் ஏந்தியவருக்கு அதனால் நேர்ந்த மாற்றம் சிறிதே.

அவர்களுக்குத் தொழிற்சங்கமே துணை. 1952 மே மாதத்தில் மலாய், இந்திய அஞ்சல்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குச் சட்ட ஆலோசகராக நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ, 1955-இல் தஞ்சோங் பகாரில் வென்று சட்டமன்றம் புகுந்தார். 1959-இல் அவரே பிரதமர். அதாவது, அரசு ஊழியர் அனைவருக்கும் முதலாளி. இந்த இட மாற்றத்தை மாணவர்கள் நினைவிற் கொண்டால்தான் பின்வருவது விளங்கும்.

1965-இல் இயற்றப்பட்ட வேலைநியமன ஒழுங்குமுறைச் சட்டம், குடியுரிமை பெறாத தொழிலாளர் பலரை வேலை அனுமதிச் சீட்டுக்குக் கட்டுப்படுத்தியது. அரசின் தினச்சம்பளத் துப்புரவுப் பணியாளர்களில் இந்தியாவிலிருந்து வந்த குடியேறிகள் பெரும்பான்மையினர். 1967 பிப்ரவரியில் அவர்களுள் ஏறத்தாழ 2,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சங்கத் தலைவர் சுப்பையாவும் பிறரும் கைதாயினர். வேலைநிறுத்தம் செய்தோர் தாமாகவே பணி நீங்கியவராகக் கருதப்படுவர். விரும்புவோர் மறுநாள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என அரசு அறிவித்தது. பெரும்பாலோர் விண்ணப்பித்தனர். அரசின் துணிவைப் பாராட்டுவோர் உண்டு. எனினும், அனுமதிச் சீட்டு பறிபோனால் தங்குவதற்கே இடமில்லாத ஒருவரின் விண்ணப்பத்தை ‘விருப்பம்’ என்ற சொல்லால் குறிப்பது எனக்கு உடன்பாடன்று.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. தளங்களை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு கேள்விக்குறியானது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று வேலைவாய்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாரத்திற்கு 44 மணி நேரம், ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் விடுப்பு, 11 பொது விடுமுறை என அது வரையறுத்தது. தொழில் உறவுத் திருத்தச் சட்டமோ பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு ஆகியவற்றைப் பேரத்திற்கு அப்பாற்பட்டவையாக்கியது. வேலைவாய்ப்புச் சட்டத்தின் ‘ஊழியர்’ என்னும் வரையறையையும் கவனிக்க வேண்டும்: அரசுப் பணியாளருள், அதிபர் அறிவிக்கும் வகையினர் மட்டுமே அச்சொல்லுக்குள் அடங்குவர். யார் ஊழியர் என்பது உழைப்பினால் அன்று, அறிவிப்பினால் முடிவாயிற்று.

விடுமுறைகளைக் குறைத்தபோது ஒவ்வொரு சமயத்தாரும் சிலவற்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை இழந்தனர். இந்துக்களுக்குத் தீபாவளி எஞ்சியது, தைப்பூசம் போயிற்று. அது முதல், வேலைநாளில் தைப்பூசம் வந்தால், காவடி எடுக்கும் தொழிலாளர் தம் ஆண்டு விடுப்பில் ஒரு நாளைக் கழித்துக்கொண்டே டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடக்கின்றனர்.