நடிகர் தொழில்: நாடகக் கம்பெனி முதல் சின்னத்திரை வரை

தமிழகத்தில் நடிப்பையே பிழைப்பாகக் கொண்டவர்கள் மேடையிலும் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் தொழில் செய்துவந்த வரலாறு இது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக முகாமிட்டதிலிருந்து இன்றைய நெடுந்தொடர்கள் வரை நீள்கிறது. கதாநாயகர்களின் வாழ்க்கை நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அவர்களுக்கு அண்ணனாக, அப்பாவாக, வில்லனாக, ஊர்ப் பெரியவராக நடித்தே ஆயுளைக் கழித்தவர்களின் வரலாறு இன்னும் சிதறித்தான் கிடக்கிறது. அந்தந்தக் காலத்தில் நடிகரின் வீட்டு உலைக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு போனால் அதைக் கோத்துப் பார்த்துவிடலாம்.

பாய்ஸ் கம்பெனிகள்

தமிழ் நடிகர்களின் முதல் பெரிய பயிற்சிக்கூடம் பாய்ஸ் கம்பெனி. பெரியவர்களைக் கட்டி மேய்க்க முடியாமல் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்தும் முறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். பின்னாளில் ஔவை சண்முகம் என்று பெயர்பெற்ற டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது.

கம்பெனியில் சேர்ந்த பையனுக்குச் சோறு, துணி, படுக்க இடம் எல்லாமே கம்பெனிதான். பாட்டு, வசனம், தாளம், சண்டை, பெண் வேடத்துக்கான நடை என்று விடியலிலிருந்தே பாடம் நடக்கும். அடியும் உண்டு. சம்பளம் சொற்பம், அதுவும் பெரும்பாலும் பெற்றோர் கைக்கே போய்விடும். வறுமைதான் இந்தப் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தது என்பதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வது நியாயமாகாது. எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்ததற்கும் அண்ணன் சக்கரபாணி அவருடன் போனதற்கும் காரணம் தந்தையை இழந்த வீட்டின் பசிதான்.

சிறுவனின் தொழிலில் ஆபத்தான கட்டம் மகரக்கட்டு. குரல் உடையும் வயதில் பாட்டு போய்விடும். பாட்டு போனால் ராஜபார்ட் என்னும் நாயக வேடமும் ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடமும் போய்விடும். நேற்றுவரை வள்ளியாகவும் சீதையாகவும் நின்ற பையன் சில்லறை வேடத்துக்கு இறங்குவான், அல்லது சமையற்கட்டுக்கும் திரை இழுக்கவும் போவான். குரல் திரும்பி வந்தவர்கள் தப்பித்தார்கள். பலர் பதினைந்து பதினாறு வயதில், வேறெந்தத் தொழிலும் தெரியாதவர்களாக, ஊருக்குத் திரும்பினார்கள்.

என்றாலும், அந்தப் பயிற்சியின் வலு அசாத்தியமானது. என்.எஸ். கிருஷ்ணன், எஸ்.வி. சகஸ்ரநாமம், கே.ஆர். ராமசாமி ஆகியோர் டி.கே.எஸ். குழுவில் வளர்ந்தவர்கள். எம்.என். நம்பியார் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் கம்பெனியில் பழகியவர். அடுத்த நாற்பது ஆண்டுத் தமிழ்ப் படங்களின் நகைச்சுவை, வில்லன், குணச்சித்திர வேடங்களில் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் இந்தக் கம்பெனிப் பிள்ளைகளே.

இதே காலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு பாதையும் இருந்தது. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் வழக்கறிஞர்களும் உத்தியோகஸ்தர்களும். அவர்கள் நடித்துச் சம்பாதிக்கவில்லை. சம்பந்த முதலியாரே பின்னாளில் நீதிபதியாக இருந்தவர். படித்தவர்கள் மேடை ஏறலாம் என்ற மரியாதையை இந்தச் சபை உண்டாக்கியது. ஆனால் அந்த மரியாதை கம்பெனி நடிகரின் வீடுவரை போய்ச் சேரப் பல காலம் பிடித்தது.

ஸ்பெஷல் நாடகம்

கம்பெனியை விட்டு வெளியேறியவர்களுக்கும், ஆண்கள் மட்டுமே இருந்த கம்பெனிகளில் இடம் கிடைக்காத பெண்களுக்கும் வாழ்வு கொடுத்தது ஸ்பெஷல் நாடகம். இதில் நிரந்தரக் குழு கிடையாது. திருவிழாவுக்கு நாடகம் வைக்கும் ஊர்க்காரர்கள் ஏஜென்ட் மூலம் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கத்தைத் தனித்தனியாகவும் பேசி அமர்த்துவார்கள். ஒத்திகை இல்லை. மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். 'வள்ளி திருமணம்' எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் விடிய விடிய நடத்திவிடுவார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. பதில் தெரியாத நடிகருக்கு அந்த வட்டாரத்தில் அடுத்த நாடகம் கிடைப்பது கடினம்.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடியாக நின்ற காலம் ஸ்பெஷல் நாடகத்தின் உச்சம். கிட்டப்பா 1933இல் 27 வயதிலேயே மறைந்தார். சுந்தராம்பாள் 1935இல் வெளியான 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பெற்றார். ஒரு நாடக நடிகையின் குரலுக்குச் சினிமா கொடுத்த இந்த விலை நாட்டையே வியக்க வைத்தது.

ஸ்பெஷல் நாடகம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி வட்டாரங்களில் நாடக நடிகர் சங்கங்கள் உண்டு. பங்குனி, சித்திரைத் திருவிழாக் காலத்தில் கையில் காலித் தேதி இருக்காது. மழைக்காலத்தில் வேலையே இருக்காது. சீசனில் சம்பாதித்ததைக் கொண்டு மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் இந்தக் கலைஞர்களோடு பழகி 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். மேடையில் பலர் முன்னால் நிற்கும் நடிகைகள், இரவுப் பயணத்திலும் சொந்தத் தெருவிலும் பழிச்சொல்லுக்குத் தப்ப எத்தனை கவனமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது அந்த நூலின் முக்கியமான பகுதி.

பேசும் படம்

1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' நாயகி டி.பி. ராஜலட்சுமி, நாடக மேடையிலிருந்து வந்தவர். 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கியவரும் அவரே. தொடக்ககாலப் படங்களில் நடிகரே பாட வேண்டும் என்பதால் மேடைப் பாடகர்களுக்கே முதலிடம். எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யூ. சின்னப்பா இருவரும் அப்படி வந்தவர்கள்.

பின்னணிப் பாடல் பரவியதும் நிலைமை தலைகீழானது. 1940களின் இறுதியில் பாடத் தெரியாதவரும் நாயகராகலாம் என்றாயிற்று. மகரக்கட்டில் பாட்டைத் தொலைத்தவர்களுக்கு வசனமே மூலதனமானது. எம்.ஜி.ஆர். 1936இல் 'சதி லீலாவதி'யில் சிறு வேடத்தில் தோன்றி, 1947இல் 'ராஜகுமாரி'யில்தான் நாயகனானார். இடையில் ஓடியவை பதினொரு ஆண்டுகள். அவை ஒரு துணை நடிகரின் ஆண்டுகள்: ஸ்டுடியோ வாசலில் காத்திருப்பு, ஓரிரு காட்சி, அடுத்த படத்துக்கு மறுபடியும் காத்திருப்பு. அவருக்கு நாயக வேடம் கிடைக்காமலே போயிருந்தால் அவர் வாழ்க்கை எப்படி இருந்திருக்குமோ, அதுதான் அவரோடு நின்ற நூற்றுக்கணக்கானோரின் வாழ்க்கை.

கணேசன் சிறுவயதில் பெண் வேடம் கட்டியவர். அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் நடித்து, பெரியார் வாயால் 'சிவாஜி'யானார். சக்தி நாடக சபாவில் நூர்ஜஹானாக அவர் நடித்ததைப் பார்த்த தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள்தான் 'பராசக்தி'க்கு (1952) அவரை அழைத்தார். புகழ் வந்த பிறகும் அவர் மேடையை விடவில்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' முதலில் அவருடைய மன்றத்தின் நாடகம், பிறகே படம்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. தமிழ் நடிகருக்கு முதல் தேதியில் பணம் வந்த அபூர்வமான காலம் அது. பிறகு படத்துக்குப் படம் நாள் ஒதுக்கும் கால்ஷீட் முறை வந்தது. நாயகருக்கு மொத்தமாகப் பேசிய தொகை, குணச்சித்திர நடிகருக்கு நாள் கணக்கு, கூட்டத்தில் நிற்கும் துணை நடிகருக்கு ஏஜென்ட் கைவழியாக வரும் அன்றாடக் கூலி என்று படிகள் இறுகின.

இந்தப் படிகளுக்கு நடுவே ஓர் ஆயுள் முழுக்க நின்று காட்டியவர் மனோரமா (1937–2015). பள்ளத்தூரில் வளர்ந்து, வைரம் நாடக சபாவில் தொடங்கி, எஸ்.எஸ். ராஜேந்திரன் குழுவில் நடித்து, 1958இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' வழியாகப் படத்துக்கு வந்தார். ஆயிரம் படங்களைத் தாண்டியும் தொலைக்காட்சியிலும் மேடையிலும் நடித்தார். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் அவர் ஏற்ற ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. அந்த நடையையும் பேச்சையும் அவர் எங்கும் போய்க் கற்க வேண்டியிருக்கவில்லை.

அலுவலகமும் சபாவும்

1950களிலிருந்து சென்னையில் இன்னொரு வகை நடிகர் உருவானார். பகலில் அலுவலகம், மாலையில் சபா நாடகம். 1952இல் ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ., அதையடுத்துச் சோ ராமசாமியின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் எனக் குழுக்கள் கிளம்பின. கே. பாலசந்தர் ஏ.ஜி. எனப்படும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்' நாடகங்களைப் போட்டார். நாகேஷ் ரயில்வேயில் இருந்தார். பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தார். சம்பளம் அரசு கொடுத்ததால் நாடகத்தில் பணம் வராவிட்டாலும் அடுப்பு எரிந்தது. அந்தத் தைரியத்தில்தான் அவர்களால் புதிது புதிதாகச் செய்துபார்க்க முடிந்தது. வேலையை விடுவதா என்ற கேள்வி மட்டும் எல்லோரையும் ஒருநாள் எதிர்கொண்டது.

டெல்லி கணேஷ் (1944–2024) இந்த வழியின் சிறந்த உதாரணம். விமானப்படையில் பத்தாண்டு, டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடை, 1977இல் பாலசந்தர் இயக்கிய 'பட்டினப் பிரவேசம்' படம். அதன்பின் 400க்கும் மேற்பட்ட படங்களிலும் ஏராளமான தொடர்களிலும் நடித்தார். நாயகராக நினைவில் நிற்பவர் அல்லர். ஆனால் அவர் இருக்கும் காட்சியில் வசனம் தவறியதில்லை என்று தயாரிப்பாளர்கள் நம்பினார்கள். தொடர்ந்து வேலை கிடைக்கும் நடிகருக்கு இந்த நம்பிக்கைதான் சொத்து.

புதிய வாசல்கள்

1970களுக்குப் பிறகு வாசல்கள் பெருகின. பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்த ரஜினிகாந்த் சென்னையில் நடிப்புப் பள்ளியில் படித்து 1975இல் 'அபூர்வ ராகங்கள்' மூலம் வந்தார். இயக்குநர் பாரதிராஜாவுக்குப் பிறகு உதவி இயக்குநராகச் சேர்ந்து நடிகராவது ஒரு பழக்கமான வழியாயிற்று. பாக்யராஜ், பாண்டியராஜன், மணிவண்ணன், மனோபாலா எல்லோரும் அப்படியே.

ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் உடல்மொழியிலிருந்து நவீன நடிப்பைத் தேடியது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல் முதலியோர் அங்கிருந்து வந்தவர்கள். துபாயில் கணக்கராக இருந்து திரும்பிய விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதச் சேர்ந்தவர். சீரியலிலும் சிறு வேடங்களிலும் ஆண்டுகள் கழிந்த பிறகே 'தென்மேற்குப் பருவக்காற்று' (2010) வந்தது. மதுரையில் நிஜ நாடக இயக்கம் நடத்திய பேராசிரியர் மு. ராமசாமியைப் பொதுமக்களில் பலர் 'ஜோக்கர்' (2016) படத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். அதற்குள் அவர் மேடையில் பல பத்தாண்டுகளைக் கழித்திருந்தார்.

சின்னத்திரை

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதன் செவ்வாய்க்கிழமை நாடகங்களில் சபா நடிகர்களே நிறைந்திருந்தார்கள். 1993இல் சன் டி.வி. வந்தது, 1999இல் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியதும் மாலை நேரமே மாறிப்போனது. 'மெட்டி ஒலி' (2002–2005), ஆயிரத்தைந்நூறு பகுதிகளைத் தாண்டிய 'கோலங்கள்' (2003–2009) போன்றவை பல நடிகர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வேலை கொடுத்தன. ஸ்டுடியோ மாதச் சம்பளம் ஒழிந்த பிறகு தமிழ் நடிகர் வீட்டு வாடகையை முன்கூட்டிக் கணக்கிட முடிந்தது இப்போதுதான்.

ஆனால் இதற்கு விலை உண்டு. மாதத்தில் இத்தனை நாள் என்று தேதி கொடுத்தபின் படத்திலிருந்து அழைப்பு வந்தால் இரண்டில் ஒன்று போகும். ஒரே நாளில் பல காட்சிகள் எடுக்கப்படும்; கையில் வசனம் வந்த சிறிது நேரத்தில் கேமரா முன் நிற்க வேண்டும். டி.ஆர்.பி. சரிந்தால் கதை திரும்பும், பாத்திரத்தின் படத்துக்கு மாலை விழும். சம்பளப் பேச்சு ஒத்துவராவிட்டால் 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று திரையில் ஒரு வரி வரும், மறுநாள் அதே வீட்டில் அதே மருமகளாக வேறொருவர் நிற்பார். இவ்வளவு எளிதாக மாற்றப்பட்டும், கிடைத்த அரை மணி நேரத்தில் பாத்திரத்தைப் பிடித்துவிடும் திறமை இவர்களிடம் இருக்கிறது. விருதுக் குழுக்கள் அதைப் போதிய அளவு கண்டுகொள்வதில்லை.

சின்னத்திரையிலிருந்து பெரிய திரைக்குப் போவது இன்று சாதாரணம். சந்தானம் 'லொள்ளு சபா'விலிருந்தும், சிவகார்த்திகேயன் 'கலக்கப் போவது யாரு' மேடையிலிருந்தும், வாணி போஜன் 'தெய்வமகள்' தொடரிலிருந்தும் சென்றார்கள். எதிர்த்திசைப் பயணமும் உண்டு. உதவி இயக்குநராக உழைத்து, படங்கள் இயக்கி, குணச்சித்திர வேடங்களில் நடித்துவந்த ஜி. மாரிமுத்து, 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதிமுத்து குணசேகரனாகத்தான் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். 2023 செப்டம்பரில் அத்தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த வேளையில் உடல்நலம் குன்றி மறைந்தார்.

சங்கம்

தென்னிந்திய நடிகர் சங்கம் 1952இல் உருவானது. முதல் தலைவர் இயக்குநர் கே. சுப்ரமணியம். சினிமா நட்சத்திரங்களின் அமைப்பாகவே வெளியில் தெரிந்தாலும், அதன் உறுப்பினர்களில் கணிசமானோர் மாவட்டங்களில் வாழும் நாடக நடிகர்கள். 2015 தேர்தலில் நாசர் தலைமையில் போட்டியிட்ட அணியும் எதிரணியும் மாவட்டந்தோறும் அவர்களைத் தேடிப்போய் ஆதரவு கேட்டது இதனால்தான். சின்னத்திரை நடிகர்களுக்கும் டப்பிங் கலைஞர்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன. மூத்த உறுப்பினர்களுக்கு நடிகர் சங்கம் உதவித்தொகை தருகிறது. நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக அரசின் மாத உதவியும் உண்டு. 2020இல் கொரோனா முடக்கத்தில் படப்பிடிப்பும் திருவிழாவும் ஒருசேர நின்றபோது, ராஜபார்ட்டும் சீரியல் அப்பாவும் துணை நடிகரும் அரிசிக்காக நின்றது சங்கங்களின் வாசலில்தான்.