புறாக்கூட்டின் கணக்கு

புறா வளர்ப்பவர்களுக்கு இரண்டு கவலைகள் எப்போதும் உண்டு. ஒன்று நோய். மற்றையது பெருக்கம். இவ்விரண்டும் தனித்தனியானவை அல்ல என்பதை முதன்முதலில் எழுத்தில் வைத்தவர்களுள் ஒருவர் ரோமானிய அறிஞரான மார்க்கஸ் வாரோ. கி.மு. 37 இல், தமது எண்பதாவது வயதில், அவர் விவசாயம் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பாகத்தில் புறாக்களுக்கெனத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார். ஒரே மாடத்தில் ஐயாயிரம் புறாக்கள்வரை வைத்திருக்கலாம் என்று கூறும் அவர், அந்த மாடத்தை அடிக்கடி கூட்டித் துப்புரவு செய்யவேண்டும் என்கிறார். சேரும் எச்சத்தை வயலுக்குப் போடலாம் என்பது அவருக்கு மேலதிக இலாபம். காவலாளி நோயுற்ற புறாவுக்கு மருந்திட வேண்டும். செத்ததை உடனே அகற்ற வேண்டும். விற்கத்தக்க குஞ்சுகளை வெளியே எடுத்துவிட வேண்டும். அடைகாப்பவற்றை வலையிட்டு மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

துப்புரவு, தனிமைப்படுத்தல், எண்ணிக்கைக் குறைப்பு ஆகிய மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து மிருக வைத்தியர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டாலும் இம்மூன்றையும்தான் முதலில் சொல்வார். ஆனால் ரோமானியருக்கு ஒரு வசதி இருந்தது. அவர்கள் குஞ்சுகளை உண்டார்கள். ஆகவே பெருக்கம் அவர்களுக்குப் பிரச்சினையாகவில்லை, வருமானமாக இருந்தது. அழகிய நல்ல சோடி ஒன்று ரோமில் இருநூறு செஸ்டர்ஸுக்கு விலைபோனதாக வாரோ குறித்துள்ளார். புறாவை உணவாகக் கருதாமல் செல்லப் பிராணியாகக் கருதத் தொடங்கிய இடத்திலேயே சிக்கல் ஆரம்பமாகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு சோடி ஒரு தடவையில் இரண்டு முட்டைகள் இடும். பதினேழு, பதினெட்டு நாட்களில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் நான்கு, ஐந்து வாரங்களில் கூட்டைவிட்டு இறங்கும். அவை இறங்குமுன்னரே தாய்ப்பறவை அடுத்த முட்டைகளை இட்டுவிடும். தாராளமாகத் தீனி கிடைத்தால் ஆண்டுக்கு ஐந்து தடவை என்பது சாதாரணம். பத்துச் சோடிகளுடன் தொடங்கியவரிடம், எல்லாம் பிழைத்தால், ஆண்டு முடிவில் நூற்றிருபது புறாக்கள் இருக்கும். கூடு மட்டும் அதே அளவில்தான் இருக்கும்.

மொகலாயப் பேரரசர் அக்பர் இதனை எவ்வாறு சமாளித்தார் என்பது சுவாரசியமானது. அபுல் பாசல் எழுதிய அயினி அக்பரி, அரசவையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்ததாகவும் அவற்றுள் ஐந்நூறு மட்டுமே முதல்தரமானவை எனப் பிரித்து வைக்கப்பட்டதாகவும் கூறுகிறது. அரசர் பயணம் போனால் புறாக்களும் போகும்; அவற்றைச் சுமக்கவே ஆட்கள் இருந்தனர். எந்தத் தரத்துக்கு எவ்வளவு தானியம் என்பதற்கும் கணக்கு இருந்தது. சிலவற்றுக்கு ஏழு வகைத் தானியங்கள். இத்தனை ஆட்பலமும் களஞ்சியமும் சாதாரண மனிதனுக்கு ஏது?

ஐரோப்பாவில் வேறொரு நியாயம் நிலவியது. புரட்சிக்கு முந்திய பிரான்சில் பெரிய புறா மாடம் கட்டுவது பிரபுக்களின் உரிமை. பல பிரதேசங்களில் மாடத்தின் அளவு நிலத்தின் பரப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. பிரபுவின் புறாக்கள் குடியானவனின் வயலில் இறங்கி விதையைப் பொறுக்கும். அவற்றைக் கொல்ல அவனுக்கு அனுமதி இல்லை. 1789 இல் மக்கள் எழுதிக் கொடுத்த முறைப்பாட்டுப் பட்டியல்களில் வரிக் கொடுமையோடு புறாக்களும் இடம்பெற்றன. அவ்வாண்டு ஓகஸ்ட் 4 ஆம் திகதி இரவு நிலமானிய உரிமைகள் ஒழிக்கப்பட்டபோது புறா மாட உரிமையும் ஒழிந்தது. ஊரவர் குறிக்கும் காலங்களில் புறாக்களை அடைத்து வைக்கவேண்டும், அப்போது வெளியே வருபவற்றைத் தன் நிலத்தில் எவரும் கொல்லலாம் என்று சட்டம் ஆயிற்று. ஒரு பறவைக் கூட்டத்தின் அளவு அரசியல் விவகாரமாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் புறா வளர்ப்பைப் பற்றிய முதல் தனிநூலை 1735 இல் எழுதியவர் ஜோன் மூர் என்ற மருந்து வியாபாரி. குடற்புழுவுக்குத் தூள் விற்றுப் பெயர் பெற்றவர்; கவிஞர் போப்பின் கிண்டலுக்கும் ஆளானவர். அந்நூற்றாண்டின் ஆங்கிலப் புறா நூல்களில் ஒரு நோய் வருணிக்கப்படுகிறது. தலை பின்புறம் திரும்பி, அலகு முதுகில் படிந்து, பறவை திக்குத் தெரியாமல் படபடக்கும். இதற்கு மருந்தே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கழுத்துத் திருகலுக்குச் சல்மொனெல்லா பற்றீரியாவும் காரணமாகலாம், வைரசும் காரணமாகலாம். அறிகுறி ஒன்று, நோய்கள் பல.

சார்ள்ஸ் டார்வின் 1855 இல் புறா வளர்க்கத் தொடங்கி, லண்டனின் இரண்டு புறாச் சங்கங்களில் சேர்ந்ததும் இந்தப் பரம்பரையின் தொடர்ச்சியே. 1859 இல் வெளியான அவரது நூலின் முதல் அத்தியாயத்தில் புறாக்களுக்கே பேரிடம். அக்பரின் புறாக்களும் அதில் வருகின்றன.

பத்திரிகைக்காரன் என்ற வகையில் இங்கு ஒரு விடயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1850 இல் ஜூலியஸ் ரொய்ட்டர், தந்திக் கம்பி எட்டாத ஆஹென் - பிரசெல்ஸ் இடைவெளியில் புறாக்கள் மூலம் பங்குச் சந்தைச் செய்திகளை அனுப்பினார். அதே ஆண்டில் இலங்கையிலும் ‘ஒப்சேவர்’ பத்திரிகை காலிக்கும் கொழும்புக்கும் இடையே புறாத் தபாலை நடத்தத் தொடங்கியது. அக்காலத்தில் கப்பல்கள் வந்து நின்றது காலித் துறைமுகத்தில். ஐரோப்பியச் செய்தி அங்கிருந்து எழுபது மைலுக்கு மேல் கொழும்புக்கு வரவேண்டும். 1858 இல் தந்தி வந்ததோடு புறாக்கள் ஓய்வு பெற்றன. புறா தன் கூட்டுக்குத்தான் திரும்பும். ஆகவே கொழும்பில் வளர்ந்த பறவைகளைக் காலிக்குக் கொண்டுசென்று கப்பல் வரும்வரை அடைத்து வைக்கவேண்டும். நோய் கண்ட பறவை வழியில் இறங்கிவிடும், செய்தி போய்விடும். ஆசிரியபீடத்தின் வேகம் கூண்டைக் கூட்டுபவரின் கையில் இருந்த காலம் அது.

நிற்க. புறாக்கூட்டு நோய்களின் காரணங்கள் தெரியவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான். புறாவின் தொண்டையில் மஞ்சள் நிறக் கட்டியை உண்டாக்கி விழுங்க முடியாமற் செய்யும் நுண்ணுயிரை 1878 இல் இத்தாலியரான ரிவோல்ற்றா விபரித்தார். வளர்ந்த புறாக்கள் பல, நோயின்றியே இதனைச் சுமந்து திரியும். குஞ்சுக்கு ஊட்டும் புறாப்பால் வழியாகவும், ஒரே தண்ணீர்ப் பாத்திரம் வழியாகவும் இது பரவும். கூட்டம் பெருகப் பெருக ஒரே பாத்திரத்தில் அலகு வைப்பவை அதிகமாகும். இரத்தக் கழிச்சலின் கதை வேறு. எச்சத்தோடு வெளிவரும் அதன் கிருமி முட்டைகள் ஈரத்திலும் சூட்டிலும் ஓரிரு நாட்கள் கிடந்த பின்னரே தொற்றும் வலிமை பெறும். எச்சத்தை நாள்தோறும் அகற்றி, தரையை உலர்வாக வைத்தால் நோய் அரைவாசி அடங்கிவிடும். வாரோ அறியாமலே சரியான காரியத்தைச் சொல்லியிருக்கிறார்.

வைரசு அப்படிக் கட்டுப்படுவதில்லை. கோழிகளுக்கு வரும் இராணிக்கெற் நோயின் புறாவுக்கேற்ற வடிவம் 1970 களின் கடைசியில் மத்திய கிழக்கில் தோன்றி, 1983 இல் பிரித்தானியாவை அடைந்தது. கழுத்துத் திருகும், கால் செயலிழக்கும், எச்சம் நீராகப் போகும். 1984 இல் லிவர்பூல் துறைமுகக் களஞ்சியங்களில் புறாக்கள் அசுத்தப்படுத்திய தீவனம் மூலம் கோழிப் பண்ணைகளிலும் நோய் புகுந்தது. இதற்கு மருந்து இல்லை, தடுப்பூசிதான் உண்டு. பிரித்தானியாவில் பந்தயப் புறாக்களுக்கு அதனைக் கட்டாயமாக்கிச் சட்டமே இயற்றினார்கள்.

எண்ணிக்கையைக் குறைக்கும் விடயத்தில் மிகப் பயனுள்ள பாடம் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து வந்தது. அங்கு 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ ஒரு இலட்சம் நகரப் புறாக்களைக் கொன்றார்கள். தொகை குறையவில்லை. செத்தவற்றின் இடத்தையும் தீனியையும் அடுத்த குஞ்சுகள் எடுத்துக்கொண்டன. 1988 முதல் 1992 வரை டானியல் ஹாக்-வாக்கர்நாகல் என்ற உயிரியலாளரின் வழிகாட்டலில், தீனி போடுவதைக் குறைக்குமாறு மக்களிடம் பிரசாரம் செய்தனர். கண்காணிப்புள்ள மாடங்களையும் அமைத்தனர். நான்கு ஆண்டுகளில் தொகை பாதியாயிற்று. ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரம் மாடங்களில் முட்டைகளை எடுத்துவிட்டுப் போலி முட்டைகளை வைக்கும் முறையைப் பின்பற்றியது. வீட்டில் வளர்ப்பவர்களுக்கும் இதுவே உகந்த வழி. முட்டையை வெறுமனே எடுத்துவிட்டால் சோடி விரைவில் மீண்டும் இடும். போலி முட்டையை வைத்தால் அடைகாத்துக் கொண்டிருக்கும். தாய்ப்பறவையின் உடலும் தேறும். இளவேனில்வரை ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பது மற்றொரு பழைய வழி.

இவ்வளவும் அறிந்த பின்னரும் சச்சரவு ஓயவில்லை. லண்டன் டிரபல்கர் சதுக்கத்தில் 2001 இல் தீனி வியாபாரமும் 2003 இல் தீனி போடுவதும் நிறுத்தப்பட்டபோது புறா அபிமானிகள் மேயர் கென் லிவிங்ஸ்டனைக் கடுமையாக எதிர்த்தார்கள். 2025 ஜூலையில் மும்பையில் 51 புறாத் தீனி நிலையங்களை மூடப்போவதாக மகாராஷ்டிரா அரசு அறிவித்தது. எச்சத் தூசியால் நுரையீரல் அழற்சி ஏற்படுகிறது என்பது காரணம். ஓகஸ்டில் தாதர் நிலையத்தை மூடியிருந்த தார்ப்பாயைத் தீனி போடுவதைத் தர்மமாகக் கொண்டோர் கிழித்தெறிந்தனர். உயிர்களுக்கு உணவிடுவது ஜைனரின் நீண்டகால மரபு என்பதை மறுக்க முடியாது. மூச்சு வாங்க இயலாமல் வைத்தியசாலைக்குச் சென்றவர்களின் முறைப்பாட்டையும் மறுக்க முடியாது. விவகாரம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போயிற்று. ஓகஸ்ட் மாதத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. தாதரில் அடைபட்ட தீனியைத் தேடிப் புறாக்கள் அயலிலுள்ள கூரைகளில் காத்திருந்தன.