சறுக்குப்பலகையின் புதுக்குரல்கள்

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். அவ்விதழில் வெளிவந்த கவிதைகளிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்து 1962-இல் 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பாக்கினார். அவர்களுள் பலர் அன்று பெயர் அறியப்படாத இளைஞர்கள். பல்கலைக்கழகமோ பெரும் பத்திரிகையோ அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. கவிதை எழுதுவதைத் தம் வாழ்க்கையாகக் கொண்ட சிலர், தம்மைப் போன்ற வேறு சிலரை அடையாளம் கண்டார்கள் என்பதே அத்தொகுப்பின் வரலாற்று முக்கியத்துவம்.

இதற்கு நேரான ஒரு நிகழ்வைக் கவிதைக்குச் சற்றும் தொடர்பில்லாத இடத்தில் காண முடிகிறது. அமெரிக்கச் சறுக்குப்பலகை இளைஞர்கள் 1980-களிலிருந்து தயாரித்துவந்த ஒளிநாடாக்களையே குறிப்பிடுகிறேன். ஸ்கேட்போர்டு வீடியோ என்று உலகெங்கும் அறியப்படும் இவ்வகைப் படங்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரு சிறு சமூகம் தன் புதியவர்களைத் தானே பதிவு செய்துகொண்ட முறை என்று பார்த்தால், நம் சிற்றிதழ் மரபை அறிந்தவர்களுக்கு அதில் சிந்திக்க நிறையவே இருக்கிறது.

சறுக்குப்பலகை 1950-களில் கலிபோர்னியாவின் கடலோரத்தில் உருவானது. அலை இல்லாத நாட்களில் தரையில் சறுக்கிப் பார்க்க விரும்பிய அலைச்சறுக்கர்கள், காலில் கட்டும் ரோலர் ஸ்கேட்டின் சக்கரங்களைக் கழற்றிப் பலகையில் அறைந்தார்கள். நம் ஊர்ச் சிறுவர்களின் பேரிங் வண்டி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட மூன்று பேரிங்குகள், ஒரு பலகை, திருப்புவதற்கு முன்னால் ஒரு குறுக்குக்கட்டை. இவ்வளவுதான் அந்த வண்டி. இரண்டுமே பிள்ளைகளின் கண்டுபிடிப்பு. இரண்டுமே இரும்புச் சத்தத்தோடு ஓடியவை. வேறுபாடு அதற்குப் பிறகு தொடங்குகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி யூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்தார். வழுக்காத, அதிராத அச்சக்கரம் விளையாட்டின் தன்மையையே மாற்றியது. 1975-இல் டெல் மார் என்ற ஊரில் நடந்த போட்டியில் செஃபர் குழுவினர் தாழக் குனிந்து, கையைத் தரையில் ஊன்றித் திரும்பியபோது அலைச்சறுக்கின் உடல்மொழி முழுமையாகத் தரைக்கு வந்துசேர்ந்தது. 1976, 1977 ஆண்டுகளின் வறட்சியில் வற்றிக் கிடந்த நீச்சல்குளங்களின் வளைந்த சுவர்களும் இவர்களுக்கு ஆடுகளமாயின.

1980-ஐ ஒட்டி அனைத்தும் சரிந்தன. விபத்துக் காப்பீட்டுச் செலவைத் தாங்க முடியாமல் சறுக்குப் பூங்காக்கள் மூடப்பட்டன. ஊருக்கு ஒருவர் இருவராகச் சிதறியிருந்த அந்த இளைஞர்களை இணைப்பதற்கு ஏதாவதொன்று தேவைப்பட்டது. 1981-இல் தொடங்கிய 'திராஷர்' இதழ் ஓரளவு அதைச் செய்தது. ஆனால் அசைவே உயிரான ஒரு கலையை அசையாப் படத்தால் எவ்வளவு சொல்லிவிட முடியும்? 1984-இல் ஸ்டேசி பெரால்டா 'போன்ஸ் பிரிகேட் வீடியோ ஷோ' என்ற ஒளிநாடாவை வெளியிட்டார். அவர் வெளியிலிருந்து வந்த படத்தயாரிப்பாளர் அல்லர். டெல் மாரில் ஆடிய செஃபர் குழுவைச் சேர்ந்தவர். அவர் படமெடுத்தவர்களுள் பதின்ம வயதைத் தாண்டாத டோனி ஹாக்கும் ஒருவர். எங்கோ ஒரு சிற்றூரில் தனித்திருந்த சிறுவன் அந்நாடாவை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடியும் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிந்தது. ஆசிரியர் இல்லாத ஊருக்குப் பாடநூல் வந்து சேர்ந்தது போன்றதுதான் இது.

இந்த இடத்தில் அமெச்சூர் என்ற சொல்லை விளக்க வேண்டும். சறுக்குப்பலகை உலகில் ஒருவருடைய பெயரைப் பொறித்த பலகை கடைக்கு வந்து, அதன் விற்பனையில் அவருக்குப் பங்கும் கிடைத்தால் அவர் தொழில்முறையாளர். அதுவரை அவர் அமெச்சூர். நிறுவனம் இலவசமாக அனுப்பும் பலகையும் காலணியும்தான் அவர் வருவாய். ஆட்டத்தில் இருவருக்கும் வேறுபாடு இருக்க வேண்டியதில்லை. பெயர் பொறிக்கப்பட்டதா இல்லையா என்பதே எல்லைக்கோடு. பெயருக்காகக் காத்திருப்பவரே அமெச்சூர் எனலாம்.

அந்தக் காத்திருப்புக்கு ஒரு வாசலாக ஒளிநாடா மாறியது 1988-இல். எச்-ஸ்ட்ரீட் என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட 'ஷேக்கிள் மீ நாட்' படத்தில் புகழ்பெற்றவர்களைவிடப் புதியவர்களுக்கே கூடுதல் இடம் தரப்பட்டது. சாதாரணக் கையடக்கக் கேமராவில், தெருவிலும் படிக்கட்டிலும் எடுத்த காட்சிகள் அவை. அதில் தோன்றிய மேட் ஹென்ஸ்லி என்ற இளைஞரின் ஆட்டம் அடுத்த தலைமுறையின் தெருச்சறுக்கையே வடிவமைத்தது. 1993 முதல் 2005 வரை வெளிவந்த '411 வீடியோ மேகசின்' இதை ஒரு நிறுவனமாகவே ஆக்கிவிட்டது. பெயருக்கேற்ப அது ஒளிநாடா வடிவில் வந்த பருவ இதழ். 'வீல்ஸ் ஆஃப் ஃபார்ச்சூன்' என்ற நிலையான பகுதி அதில் வளரும் இளைஞர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. நம் இதழ்களின் 'அறிமுகம்' பக்கத்தோடு இதை ஒப்பிடலாம். அன்றைய சிறுவர்கள் தம் ஆட்டத்தை நண்பனைக் கொண்டு படமெடுத்து, நாடாவை உறையிலிட்டு நிறுவனங்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையோடு கதை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருந்த நம் தலைமுறை எழுத்தாளர்களுக்கு இந்தக் காத்திருப்பு புரியும்.

இப்படங்களுக்கென ஓர் இலக்கணம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பாடல், இரண்டு மூன்று நிமிடங்கள். தொடக்கத்தில் திரையில் அவர் பெயர். பிறகு ஒரு சொல்லும் கிடையாது. எந்த ஊர், தந்தை என்ன தொழில், வீட்டில் என்ன துன்பம் என்பவை சொல்லப்படுவதில்லை. நூறு முறை விழுந்து ஒருமுறை நின்ற அந்த ஒருமுறைதான் படத்தில் இருக்கும். படமெடுப்பவரும் பெரும்பாலும் சறுக்குபவரே. தானும் ஒரு பலகையில் ஏறி, கேமராவைத் தரையை ஒட்டிப் பிடித்தபடி பின்தொடர்வார். சோனி நிறுவனம் 1995-இல் வெளியிட்ட விஎக்ஸ்1000 கேமராவும் மீன்கண் வில்லையும் இந்தக் காட்சிமுறையின் கையெழுத்தாகவே ஆகிவிட்டன. 1996-இல் டாய் மெஷின் நிறுவனத்தின் 'வெல்கம் டு ஹெல்' படத்தில் எலிசா ஸ்டீமருக்கு முழுப் பகுதி ஒன்று கிடைத்தது. ஆண்களே நிறைந்திருந்த அவ்வுலகில், சலுகையோ விளக்கமோ இன்றி, மற்றவர்களைப் போலவே பெயரும் பாடலும் ஆட்டமுமாக ஒரு பெண் வந்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் தொழில்முறையாளரானார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூரில் ஹோலிஸ்டோக்ட் என்ற இளைஞர் குழு தாமே கான்கிரீட் குழைத்துச் சறுக்குத்தளங்கள் கட்டியது. அந்நகரின் அதிதா வர்கீஸ் 2015-இல் 'கேர்ள் ஸ்கேட் இந்தியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற சிற்றூரில், ஜெர்மனியரான உல்ரிக்கே ரெய்ன்ஹார்டின் முயற்சியால் ஒரு சறுக்குப் பூங்கா அமைந்தது. பள்ளிக்குச் செல்லாதவருக்குப் பலகை இல்லை, பெண்களுக்கே முதலிடம் என்பவை அதன் விதிகள். அவ்வூரின் கோண்டுப் பழங்குடிப் பெண்ணான ஆஷா கோண்ட் 2018-இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டி வரை சென்றார்.

தமிழ்நாட்டில் இவ்விளையாட்டு கலிபோர்னியாவில் வந்த வழியிலேயே, அதாவது அலைச்சறுக்கின் கைப்பிடித்து, மாமல்லபுரத்திற்கு வந்தது. அங்கே மீனவக் குடும்பத்துச் சிறுமியான கமலி, வெறுங்காலோடு கவுன் அணிந்து சரிவில் இறங்கும் புகைப்படத்தை டோனி ஹாக் பகிர்ந்துகொண்டார். 1984-இன் ஒளிநாடாவில் அறிமுகமான அதே ஹாக்தான். பின்னர் சாஷா ரெயின்போ இயக்கத்தில் 'கமலி' என்ற ஆவணக் குறும்படம் 2019-இல் வெளிவந்தது. 2020-ஆம் ஆண்டின் பாஃப்டா விருதுகளில் பிரிட்டிஷ் குறும்படப் பிரிவின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. விருதை வென்றதும் சறுக்குப்பலகையைப் பற்றிய படமே: காபூல் சிறுமிகளைப் பற்றி கேரல் டைசிங்கர் எடுத்தது. ஐந்து படங்கள் கொண்ட பட்டியலில் இரண்டு ஆசியச் சிறுமிகளின் சறுக்குப்பலகையைப் பற்றியவை என்பது தற்செயலாக இருக்கலாம், பொருளற்றது அன்று.

'கமலி' நேர்மையான படம். தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கும், தாய்க்குக் கிடைக்காத வெளியைத் தொட்டுப் பார்க்கும் மகளுக்கும் இடையிலான உறவை அது பரிவோடு சொல்கிறது. ஆயினும் நான் மேலே விவரித்த மரபிலிருந்து அது முற்றிலும் வேறானது. எலிசா ஸ்டீமரின் பகுதி அவருடைய ஆட்டத்தைக் காட்டியது. 'கமலி' படம் கமலியின் வாழ்க்கையைக் காட்டுகிறது. ஒன்றில் சறுக்குபவர்கள் தம்முள் ஒருவரைத் தமக்குள் அறிமுகம் செய்கிறார்கள். மற்றதில் வெளியிலிருந்து வந்த ஒருவர், வெளியில் உள்ளவர்களுக்கு ஒரு சிறுமியின் கதையை எடுத்துச் செல்கிறார். ஜன்வாரைப் பற்றியும், 2021-இல் ராஜஸ்தான் கிராமத்தைக் களமாகக் கொண்டு வந்த 'ஸ்கேட்டர் கேர்ள்' திரைப்படத்தைப் பற்றியும் இதையே சொல்லலாம். நம் பிள்ளைகள் உலகத் திரைக்கு வரும்போது வறுமையும் தடைகளும் முன்னே வருகின்றன, ஆட்டம் பின்னே நிற்கிறது.

இது இலக்கியத்தில் நாம் நன்கறிந்த சிக்கல்தான். ஒடுக்கப்பட்டோரைப் பற்றிப் பிறர் பரிவோடு எழுதிய படைப்புகள் தமிழில் நெடுங்காலமாக உண்டு. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அவை மதிப்பிழந்துவிடவில்லை. ஆனால் எவர் பேசுகிறார் என்ற கேள்வி தவிர்க்க இயலாததாயிற்று. கதை சொல்லப்படாவிட்டால் தெருவுக்கு வரவே தடையுள்ள ஒரு சிறுமியின் ஆட்டத்தை யார் பார்த்திருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கதை வாசலைத் திறக்கிறது என்பதை ஏற்கிறேன். திறந்த வாசலில் ஒருவர் மட்டுமே நுழைந்தால் போதுமா என்பதே என் கேள்வி. கதைக்கு ஒரு நாயகி போதும். தொகுப்புக்கு 24 பேர் வேண்டும். மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் அதே சரிவுகளில் விழுந்து எழுந்த மற்றப் பிள்ளைகளின் பெயர்களை அந்த ஊருக்கு வெளியே எவரும் அறியார். கமலி பின்னாளில் அலைச்சறுக்கில் நாட்டின் முன்னணி வீராங்கனைகளுள் ஒருவராக வளர்ந்தார். அவர் திறமைதான் முதலிலிருந்தே பேசப்பட்டிருக்க வேண்டியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கச்சிராயபாளையத்திலிருந்து கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் சறுக்குப் பூங்கா இல்லை. சறுக்குப்பலகைக்கு வேண்டிய வழவழப்பான கான்கிரீட் தளமும் இல்லை. ஆனால் கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்குச் சரிவும் வேகமும் சமநிலையும் புதியவை அல்ல. அவர்களைப் பற்றிய பதிவுகள் என்று தேடினால் பழங்குடி ஆய்வுகளும் அரசுப் புள்ளிவிவரங்களுமே முதலில் கைக்கு வருகின்றன. மரம் ஏறுவதில் யார் கெட்டிக்காரர், பாறைச் சரிவில் யார் தடுமாறாமல் இறங்குவார் என்பது அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்குள் மட்டும் வழங்கி, அவர்கள் வளர்ந்து வேலைக்குச் சிதறும்போது மறைந்துவிடுகிறது. பேரிங் வண்டிக்கும் இதுவே நேர்ந்தது. கலிபோர்னியாப் பலகை ஒலிம்பிக் வரை சென்றது. 2021-இல் டோக்கியோவில் மோமிஜி நிஷியா என்ற 13 வயதுச் சிறுமி தங்கம் வென்றாள். பேரிங் வண்டியோ ஒரு தலைமுறையின் ஏக்கப் பேச்சாகச் சுருங்கிற்று. பணமும் சந்தையும் இதற்குக் காரணம் என்பது உண்மை. அவை இல்லாத 1980-களின் சரிவிலும் அந்த இளைஞர்கள் ஒருவரையொருவர் பதிவு செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

விஎக்ஸ்1000 கேமரா அன்று ஒரு குழுவுக்கு ஒன்று கிடைப்பதே அரிது. இன்று மலையூர்களிலும் கைப்பேசி இருக்கிறது. எனவே கருவி இல்லை என்று சொல்வதற்கில்லை. பத்துப் பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு நிமிடம், தொடக்கத்தில் பெயர், அதன்பின் ஆட்டம் மட்டும் என்று அவர்களே எடுத்து அவர்களே தொகுத்த ஒரு படம் நம் பக்கத்திலிருந்து வருமானால், அதில் எவருடைய கண்ணீருக்கும் இடம் தேவைப்படாது. செல்லப்பாவும் தம் கவிஞர்களின் குடும்பச் சூழலை விவரித்து அவர்களுக்கு இடம் கேட்கவில்லை, கவிதைகளை அச்சிட்டார்.